ரேடியோவில் கரகம் ஆடிய ஞாயிறு

இன்று காலை வானொலி நிலையத்தின் ஸ்டோர் ரூமை ஒழித்தோம். வெள்ளையடிக்க ஆள் வருவதாகப் பொறுப்பாளர் சார் சொல்லியிருந்தார். பழைய சி.டி. டப்பாக்கள், பஞ்சு பிய்ந்த ஹெட்போன்கள், ஓடாத ஒரு மேசை ஃபேன் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்த பிறகு, அடியில் ஒரு சாக்கு கிடந்தது. உள்ளே அந்த நீளமான மைக் வயர். மூன்று இடத்தில் நீ சுற்றிய சிவப்பு டேப் இன்னும் பிரியவில்லை. சாக்கை உதறினேன். ரேஷன் அரிசி வாசம் குப்பென்று வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகிறேன் என்று நினைத்துச் சார் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நீ போய் ஒரு வருஷமும் நான்கு மாதமும் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே கடை போட்டு ஊருக்கெல்லாம் மனு டைப் அடித்துக் கொடுக்கிறவள் நான். உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தால் 'மதிப்பிற்குரிய' என்றுதான் கை போகும். அதைப் பார்த்து நீ என்ன சொல்வாய் என்பது தெரியும், அதனாலேயே தள்ளிப் போட்டேன்.

நீ என் கடைக்கு முதன்முதலில் வந்தது ஒரு எடை மிஷினுக்காக. நார்த்தாமலைப் பக்கம் ஒரு ரேஷன் கடையில் நீ விற்பனையாளர். மிஷின் ரிப்பேர், வேறு மிஷின் கேட்டு மனு வேண்டும் என்றாய். நான் இரண்டு பக்கத்துக்கு அடித்து நீட்டினேன். நின்றபடியே படித்துவிட்டு, "இம்புட்டு எதுக்குங்க? மிஷின் ஓடல, வேற குடுங்கன்னு போட்டாப் பத்தாதா" என்று கேட்டாய். எனக்குக் கோபம் வந்தது. அந்த நேரம் பார்த்துக் கடையில் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவில் ஓர் அறிவிப்பு வந்தது. கல்லூரி வளாகத்தில் நடக்கும் சமுதாய வானொலிக்கு, நம் பக்கத்துக் கலைஞர்களை அழைத்துப் பேசும் நிகழ்ச்சி நடத்தத் தன்னார்வலர்கள் தேவையாம். நீ ரேடியோவைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். "நீங்க எழுதுங்க, நான் பேசுறேன்" என்றாய். அப்போது உன் பேர் எனக்குத் தெரியாது. மனுவின் அடியில் நீ போட்ட கையெழுத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு பேருக்கும் ஒரே வயது, முப்பத்தெட்டு. மறுவாரமே 'வாங்க போங்க' போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பதினோரு மணி வரை நமக்குக் கிடைத்தது. முதல் விருந்தாளி கறம்பக்குடியில் பேண்ட் செட் வைத்திருந்த கிளாரினெட்காரர். நான் நாலு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். "மேற்படி கலைஞர் கடந்த இருபத்திரண்டு ஆண்டுகளாக" என்று தொடங்கியதும் நீ மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "மனு குடுக்கிறியா, நிகழ்ச்சி நடத்துறியா? ஆளு முன்னாலதான உக்காந்திருக்காரு, மொகத்தைப் பாத்துப் பேசு" என்றாய். உன் குரலுக்கு ஒரு கை போதாது. அத்தனையும் ஒலிபரப்பாகிவிட்டது. கிளாரினெட்காரர் சிரித்த சிரிப்பில் அவருக்கிருந்த பயம் போயிற்று. அன்றைக்கு வாசித்தாரே, கல்யாண ஊர்வலமே ஸ்டுடியோவுக்குள் வந்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம் நேயர்களுக்கு நான் 'மனு அக்கா'.

உனக்குப் பட்டப்பேர் தேவைப்படவில்லை. கார்டு நம்பரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே வளர்ந்த குரல். யார் போன் போட்டாலும், "ரேஷன் கடை அக்காதான?" என்பதுதான் முதல் கேள்வி. ஒரு முறை மிருதங்கக்காரர் ஒருவர் தன் வாசிப்பைப் பற்றி உருகிப் பேசிக்கொண்டிருந்தபோது, அழைத்த அம்மா ஒருவர் பருப்பு வந்துவிட்டதா என்று கேட்டார். நீ கொஞ்சமும் அசராமல், நாளை மத்தியானத்துக்கு மேல் வரச் சொல்லிவிட்டு மிருதங்கக்காரர் பக்கம் திரும்பினாய். நிகழ்ச்சி முடிந்ததும் அவரும், தான் எந்தக் கடைக்குப் போனால் பருப்பு கிடைக்கும் என்று உன்னிடம் கேட்டுக்கொண்டுதான் போனார்.

நாலாவது வருஷம் நீ வளர்மதியைப் பற்றிச் சொன்னாய். உன் கடையில் கார்டு வைத்திருந்தவர். கரகாட்டம் ஆடுகிறவர். திருவிழாக் காலம் முழுக்க ஊர் ஊராகப் போய் ஆடிவிட்டு வந்து, மறுநாள் காலையில் உன் கடை வரிசையில் மஞ்சள் பையோடு நிற்பாராம். அவரை நிகழ்ச்சிக்குக் கூப்பிடலாம் என்றாய். பேசத்தானே என்று கேட்டேன். இல்லை, ஆட என்றாய்.

பொறுப்பாளர் சார் பேனாவை மூடி வைத்துவிட்டு உன்னைப் பார்த்தார். ரேடியோவில் ஆட்டம் போட்டால் கேட்கிறவர்களுக்கு என்ன தெரியும், அடுத்த வாரம் கோலப் போட்டி வைப்பீர்களா என்று கேட்டார். நானும் அவர் பக்கம்தான் பேசினேன். அப்போதே நம் நிகழ்ச்சி நேரத்தைச் சினிமாப் பாட்டுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. இது சொதப்பினால் அதோடு முடிந்தது என்று எனக்குப் பயம். நீ சொன்னாய், "கிரிக்கெட்டை ரேடியோவுலதான கேட்டோம் எல்லாரும்? அதுல பந்து தெரிஞ்சுச்சா?" சார் பேனா மூடியைக் கழற்றினார். சரி, இந்த ஒரு தடவை என்றார்.

வளர்மதி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தன் பேரைச் சொல்லக் கூடாது. மகள் நிவேதா ரேடியோ எட்டும் தூரத்தில் ஒரு கல்லூரியில் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். அம்மா கரகம் ஆடுகிறவள் என்று அங்கே தெரிந்தால் பிள்ளைக்குத் தலைகுனிவு என்றார். ஆட்டத்தைப் பற்றிச் சிலர் பேசும் பேச்சு எப்படிப்பட்டது என்று நமக்கும் தெரியும். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என் வாயில ஒங்க பேரு வராதுங்க" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாய்.

ஸ்டுடியோ பத்துக்குப் பன்னிரண்டு அடி. தலையில் கரகத்தோடு எழுந்து நின்றால் அதன் உச்சியில் செருகிய கிளி பொம்மை ஃபேனில் அடிபடும். அதனால் ஆட்டம் வெளியே, புங்க மரத்தடியில். உனக்குத் தெரிந்த சவுண்ட் சர்வீஸ்காரரிடம் பழைய வயரைக் கேட்டு வாங்கி, அரிசிச் சாக்கில் போட்டு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தாய். எலி கடித்த இடங்களுக்கு நீயே டேப் சுற்றினாய். வளர்மதி, இரண்டு நாயனம், ஒரு தவில், ஒரு பம்பை எல்லாம் மரத்தடியில். நீ கையில் மைக்கோடு அவர்கள் நடுவில். நான் உள்ளே ஹெட்போனை மாட்டிக்கொண்டு போனுக்குப் பக்கத்தில். கண்ணாடி ஜன்னல் வழியாக உங்களை எல்லாம் பார்க்க முடிந்தது.

நீ பேசத் தொடங்கினாய். கரகம் எவ்வளவு உயரம், செம்பில் என்ன பூ, உச்சிக் கிளிக்கு என்ன நிறம் என்று சந்தையில் மாடு பார்க்கிறவன் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாய். தவில் வேகம் எடுத்தது, நீயும் எடுத்தாய். "கால் ரெண்டும் பறக்குது. இடுப்பு சுத்துது. கழுத்தைப் பாருங்க, அங்கிட்டும் இங்கிட்டும் வெட்டுது. மேல கிளி என்ன பண்ணுது? தூங்குது." வாசலில் நின்ற வாட்ச்மேன் சிரித்துவிட்டார். நான் உள்ளே கண்ணை மூடிப் பார்த்தேன். ஆட்டம் தெரிந்தது. போன் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது.

பிறகு அந்தக் கைக்குட்டை. தரையில் போட்டிருந்த கைக்குட்டையை, கரகம் விழாமல் பின்பக்கமாக வளைந்து வாயால் எடுக்க வேண்டும். நாயனம் நின்று தவில் மட்டும் உருண்டது. நீ குரலைத் தாழ்த்தினாய். "வளையிறாங்க. இன்னும். செம்பு நகரல. இன்னும்." உன் கால் இரண்டும் தரையில் நிற்கவில்லை, ஜன்னலிலிருந்து பார்த்தேன். "அப்படித்தான் வளர்மதி, இன்னும் ரெண்டு வெரக்கடைதான், எடு, எடுத்துட்டா."

கார்டைக் கொடுத்துவிட்டு மறந்து நிற்பவரை மாசாமாசம் கூப்பிட்ட அதே குரலில் அந்தப் பேரைச் சொன்னாய்.

சொன்னது உனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாய். உன் முகம் அப்படி வெளுத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கேட்டிருக்காது என்று சைகை காட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் முதல் அழைப்பை எடுத்ததுமே மறுமுனையில் ஓர் ஆள், "வளர்மதி அக்கா பிரமாதமா ஆடுறாங்க" என்றார். மேளச் சத்தத்தில் வளர்மதிக்கு மட்டும்தான் எதுவும் கேட்கவில்லை.

நானாக இருந்தால் ஆறப் போட்டிருப்பேன். யோசித்து, நல்ல வார்த்தை தேடி, இரண்டு நாள் கழித்துச் சொல்லியிருப்பேன். நீ ஆட்டம் முடிந்து அவர் கரகத்தை இறக்கி வைக்கும் வரைக்கும்தான் பொறுத்தாய். நான் உள்ளே நேயர்களிடம் பேசிக்கொண்டிருக்கையில், நீ மரத்தடியில் அவருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொல்லிவிட்டாய். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வேர்வை நின்ற பிறகும் துடைத்தார்.

பதினோரு மணிக்கு நான் முடித்துவிட்டு வெளியே வந்தபோது நீ மொபெட்டைக் கிளப்பி வைத்துக்கொண்டு நின்றாய். வளர்மதி ஆட்ட உடைக்கு மேலே ஒரு நூல் சேலையைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஹாஸ்டலுக்குப் போய் அந்தப் பிள்ளையிடம் நேரில் சொல்லப் போவதாகச் சொன்னாய். முதலில் ஒரு போன் போட்டுப் பார்க்கலாமே என்றேன். "போன்ல சொன்னா எம் மூஞ்சி அந்தப் புள்ளைக்கு எப்படித் தெரியும்? திட்டணும்னா ஆளு வேணும்ல" என்று சொல்லிவிட்டு அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினாய். நானும் என் ஸ்கூட்டியில் பின்னாலேயே வந்தேன்.

ஹாஸ்டல் வாசலில் வேப்ப மரத்தடியில் பெஞ்சு போட்டிருந்தார்கள். ஞாயிறு என்பதால் பெற்றோர் நிறையப் பேர் டிபன் கேரியரோடு உட்கார்ந்திருந்தார்கள். வளர்மதி பெஞ்சில் உட்காராமல் சுவரோரமாக நின்றார். நிவேதா படியிறங்கி வந்தாள். ஒல்லியான பெண், அம்மாவின் நடை அப்படியே. நீ அவளைப் பேசவே விடவில்லை.

"தப்பு என்னோடதும்மா. ஒங்க அம்மா பேரு சொல்ல வேணாம்னு தெளிவாத்தான் சொன்னாங்க. நான்தான் வாய் தவறிச் சொல்லிட்டேன். திட்டுறதா இருந்தா என்னையத் திட்டு, அவங்களை ஒண்ணும் கேக்காத."

அவள் உன்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மெஸ்ஸில் சமையல் செய்கிற அம்மா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நம் நிகழ்ச்சியை வைப்பாராம். பிள்ளைகள் அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள்.

"எதுக்குப் பேரு சொல்ல வேணாம்னு சொன்னீங்க?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

வளர்மதி தரையைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா ஒரு ஞாயித்துக்கெழமை கூட வராததும் இதுக்குத்தானா? வேலை, வேலைன்னு சொன்னீங்க."

அந்தப் பெண்ணின் குரல் உடைந்தது. "நான் இங்க சேர்ந்த மொத நாளே ரூம்ல சொல்லிட்டேம்மா. எங்க அம்மா கரகம் ஆடுறவங்கன்னு எல்லாருக்கும் தெரியும். ஒரு நாளும் வர மாட்டேங்கிறாங்களேன்னுதான் எல்லாரும் கேப்பாங்க. எனக்குத்தான் சொல்லத் தெரியல."

இரண்டு வருஷம். மகளுக்கு வெட்கம் என்று தாய் ஒதுங்கியிருக்கிறார். தாய்க்குத் தன்னைப் பார்க்க நேரமில்லை என்று மகள் விட்டுவிட்டாள். இரண்டு பேரும் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை. நிவேதா கிட்டே வந்து, துப்பட்டாவால் அம்மாவின் காதோரம் ஒட்டியிருந்த சிவப்புப் பொட்டை எடுத்தாள். மூஞ்சியைக் கூடக் கழுவாமல் வந்திருக்கிறீர்களே என்று கடிந்துகொண்டாள். வளர்மதி அப்போதுதான் அழுதார்.

நீ திரும்பிப் போய் மொபெட்டின் பின் டயரை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாய். காற்று நன்றாகத்தான் இருந்தது.

அன்றைக்கு நாம் திரும்ப மணி மூன்றாகிவிட்டது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்த பிள்ளைகள் எல்லாம் இறங்கி வந்துவிட்டார்கள். வர்ணனை செய்த அக்கா நீதான் என்று தெரிந்ததும் இன்னொரு தடவை செய்யச் சொன்னார்கள். மேளம் இல்லாமலே செய்தாய். ஒரு பெண் சாப்பாட்டுத் தட்டைத் தட்டினாள். வளர்மதியைத் தலையில் தண்ணீர்க் குடத்தோடு ஆட வைத்துவிட்டார்கள். குடத்தில் தண்ணீர் இருந்ததால், "கிளி எழுந்திரிச்சுக் குளிக்குது" என்றாய். வார்டன் அம்மா சத்தம் போட வந்து, பிறகு நின்று பார்த்துவிட்டு, நமக்கும் சேர்த்துச் சாப்பாடு போடச் சொன்னார். சாம்பாரும் முட்டையும். நீ மூன்று முட்டை சாப்பிட்டாய். பயத்தில் காலையிலிருந்து ஒன்றுமே இறங்கவில்லை என்று சொன்னாய்.

சினிமாப் பாட்டுப் பேச்சு அதோடு அடங்கிப்போனது. அடுத்த மாதம் சார் தானாகவே வந்து, பொய்க்கால் குதிரைக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்று உன்னிடம் கேட்டார். அப்புறம் மைக்கில் சிலம்பம் சொன்னாய், ஒயிலாட்டம் சொன்னாய். ஆட்டுரலில் மாவாட்டிக்கொண்டே பாடிய இரண்டு சகோதரிகளின் கையசைவைக்கூடச் சொன்னாய். வளர்மதி மறுபடி மூன்று தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் முதலில் பேரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, "நர்ஸ் நிவேதாவோட அம்மா" என்று அவரே மைக்கில் சொல்லிக்கொள்வார்.

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை, கடையில் கார்டு பார்த்துக்கொண்டிருந்தபோது நீ சாய்ந்துவிட்டாய் என்று போன் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. ஞாயிறு நிகழ்ச்சியை நிறுத்திவிடலாம் என்றார் சார். நான் நடத்துகிறேன் என்றேன். நானாக ஒன்றும் பேச வேண்டியிருக்கவில்லை. பத்து மணியிலிருந்து பதினோரு மணி வரை அழைப்புகள் வந்துகொண்டேயிருந்தன. நீ யாரை எப்படித் திட்டினாய், யாருக்கு மிஷினில் கைநாட்டு விழவில்லை என்று நாலு தடவை விரலைத் துடைத்துவிட்டு வைத்தாய், யார் வீட்டுப் பாட்டியின் குரலைக் கேட்டுவிட்டு ரேடியோவுக்கு இழுத்துவந்தாய் என்று ஒருவர் விடாமல் சொன்னார்கள். ஒரு பெரியவர் மட்டும் குறைபட்டுக்கொண்டார். கடைக்குப் புதிதாக வந்த பிள்ளை நல்ல பிள்ளைதான், ஆனால் கூப்பிடுவது முன்னால் நிற்கிறவருக்கே கேட்கவில்லையாம். நான் மைக் முன்னால் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சாவு விழுந்து மூன்று நாளில் இப்படிச் சிரித்தேனே என்று எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை.

போன மாதம் ஒன்று நடந்தது. மணமேல்குடியிலிருந்து அந்தோணிசாமி என்று ஒருவர் வந்து பாடிப் பதிவு செய்துவிட்டுப் போனார். கடலுக்குப் போகிறவர். தானே பாட்டுக் கட்டுகிறவர். நேரத்துக்கு வராத பஸ்ஸைப் பற்றி அவர் கட்டிய பாட்டைக் கேட்டு சாருக்குப் புரையேறிவிட்டது. ஆனால் ஞாயிறு அதை ஒலிபரப்பியபோது நான் பேரை மாற்றிச் சொல்லிவிட்டேன். பேச்சுவாக்கில் அவர் தன் தம்பி சவரிமுத்துவைப் பற்றி நிறையச் சொல்லியிருந்தார். தம்பியும் பாடுகிறவராம், இரண்டு பேருக்கும் ஊரில் எப்போதும் போட்டியாம். நான் பாட்டு முடிந்ததும், "இதுவரை பாடியவர் மணமேல்குடி சவரிமுத்து" என்று சொல்லிவிட்டேன். நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் உறைத்தது.

திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். வழி முழுக்க வெயில். இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். அந்தோணிசாமி வாசலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நான் கேக்கவே இல்லையேம்மா. நேத்துக் கடல்ல கெடந்தேன். அதுவுமில்லாம ஒங்க ரேடியோ எங்க ஊர்ல எடுக்காது."

எனக்கு அது தோன்றவே இல்லை. நம் ரேடியோ டவுனைத் தாண்டி எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாதா என்ன. இருந்தாலும் அடுத்த ஞாயிறு பேரைத் திருத்திச் சொல்கிறேன், பாட்டையும் இன்னொரு தடவை போடுகிறேன் என்றேன். தம்பி மட்டும் இதைக் கேட்டிருந்தால் ஒரு வாரம் ஊரில் தலைநிமிர்ந்து நடந்திருப்பான் என்று சொல்லி அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"இதைச் சொல்றதுக்கா இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்தீங்க? ஒரு போன் போட்டிருக்கலாம்ல."

"நேர்ல வந்து சொல்லித்தாண்ணே எனக்குப் பழக்கம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய பழக்கம் என்று எனக்கே தெரிந்தது. அவரிடம் விளக்கிச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் வீட்டம்மா உள்ளே இலை போட்டுவிட்டுக் கூப்பிட்டார். மீன் குழம்பு. இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.